ஆயில் மாற்றினால் இன்ஜின் பவர் கூடுமா?

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் கார் ஆயில் கேட்டால், ஒரே வண்டிக்கு மூன்று டப்பாக்களை எடுத்து வைப்பார்கள். மூன்றுக்கும் மூன்று விலை. விலை கூடிய டப்பாவின் மேல் பவர், பெர்ஃபார்மன்ஸ், ரேஸிங் என்று ஏதாவது ஒரு சொல் பெரிய எழுத்தில் இருக்கும். "இதைப் போடுங்க சார், பிக்கப் அள்ளும்" என்று கடைக்காரரும் சொல்வார். புதிதாகக் கார் வாங்கியவர்களுக்குக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கையில் இருக்கும் பணத்தை எந்த டப்பாவுக்குக் கொடுப்பது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயில் பவரை உண்டாக்குவதில்லை. அதை உண்டாக்குவது எரிபொருளும் காற்றும். உண்டான பவரில் ஒரு பகுதியை இன்ஜின் தன்னுடைய உள் உராய்வுக்கே செலவழித்துவிடுகிறது. அந்தச் செலவு கொஞ்சம் கூடுவதும் குறைவதும்தான் ஆயிலின் கையில் இருக்கிறது. மிகக் கெட்டியான ஆயிலிலிருந்து இளக்கமான ஆயிலுக்கு மாறினால் ஒன்றிரண்டு சதவீதம் மிச்சமாகலாம். ஒரே கிரேடில், அதாவது ஒரே கெட்டித்தன்மை வகையில், ஒரு கம்பெனி ஆயிலுக்கும் இன்னொரு கம்பெனி ஆயிலுக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடவும் சிறியது. ஆனால் பொருந்தாத ஆயில், தவறான அளவு, காலம் கடந்தும் மாற்றாமல் விட்ட ஆயில், இவற்றால் போகும் பவர் பல மடங்கு அதிகம். விளம்பரங்கள் முதல் விஷயத்தைப் பெரிதாகப் பேசுகின்றன. இரண்டாவதைப் பற்றி யாரும் புது வண்டிக்காரரிடம் உட்கார்ந்து பேசுவதில்லை.

பவர் எங்கே போகிறது

நம் சாலைகளில் அதிகம் ஓடும் ரகத்தையே எடுத்துக்கொள்வோம்: 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். 6000 ஆர்.பி.எம்.மில் சுமார் 60 கிலோவாட் தரும், அதாவது 80 எச்.பி. இது, பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டின் முனையில் கிடைக்கும் அளவு. எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளும்போது கொடுப்பது இதைவிட அதிகம், ஏறத்தாழ 70 கிலோவாட். நடுவில் காணாமல் போன 10 கிலோவாட்தான் உராய்வின் பங்கு. இன்ஜினுக்கு இன்ஜின் இது மாறும் என்றாலும், இந்த அளவில் ஒரு காருக்கு இதுதான் தோராயக் கணக்கு.

அந்தப் பத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது சிலிண்டர் சுவரில் மேலும் கீழும் உரசும் பிஸ்டனும் அதன் ரிங்குகளும். கிட்டத்தட்டப் பாதி அங்கேயே போய்விடும். அடுத்த பங்கு கிராங்க் பேரிங்குகளுக்கு. மிச்சம் கேம், அது திறந்து மூடும் வால்வு பகுதிக்கும் ஆயில் பம்ப்புக்கும். ஆயிலைச் சுற்றிச் சுற்றி அனுப்புவதற்கே பவர் செலவாகிறது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஆயில் எவ்வளவு கெட்டியோ, பம்ப் அவ்வளவு உழைக்க வேண்டும்.

முழு ஆக்ஸிலேட்டரில் 70க்கு 10 என்றால் ஏழில் ஒரு பங்கு. நகரத்துக்குள் மெதுவாகப் போகும்போது இந்த விகிதம் கூடும், ஏனென்றால் இன்ஜின் தருவது குறைகிறது, உராய்வு அந்த அளவுக்குக் குறைவதில்லை. சிக்னலில் நியூட்ரலில் நிற்கும்போது எரியும் பெட்ரோல் தரும் வேலை முழுவதும் இன்ஜின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவும் டைனமோ, ஏ.சி. போன்றவற்றை ஓட்டவும்தான். அதனால் உராய்வு குறைவதன் பலன் உச்ச பவரில் தெரிவதைவிட மைலேஜில்தான் அதிகம் தெரியும். கார் கம்பெனிகள் இளக்கமான ஆயிலுக்கு மாறியதன் காரணமும் இதுதான். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு கம்பெனியின் கார்களுக்கும் சராசரி மைலேஜ் இலக்கு வைத்தது. ஒரு சதவீதம் அரை சதவீதம்கூடக் கம்பெனிக்குக் கணக்கில் வந்தது. 2001 மாடல் கார்களுக்கு ஃபோர்டும் ஹோண்டாவும் அங்கே 5டபிள்யூ-20 என்ற இளக்கமான கிரேடுக்குப் போனது அந்தக் கணக்கால்தான்.

கிராங்க் தண்டு எதன் மேல் சுற்றுகிறது

ஆயில் என்ன செய்கிறது என்று கேட்டால், "வழவழப்பாக்குகிறது" என்போம். 1880கள் வரை இன்ஜினியர்களும் அதற்கு மேல் அறிந்திருக்கவில்லை. அப்போது லண்டன் மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்துக்காக போஷாம்ப் டவர் என்பவர் ரயில் அச்சுகளின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். அச்சின் அடிப்பகுதி ஆயில் தொட்டியில் மூழ்கியிருக்கும், மேலே பேரிங் உட்கார்ந்திருக்கும். பேரிங்கின் உச்சியில் ஆயில் ஊற்ற ஒரு துளை போட்டார். அச்சு சுற்றத் தொடங்கியதும் அந்தத் துளை வழியாக ஆயில் உள்ளே போவதற்குப் பதில் வெளியே பொங்கி வழிந்தது. கார்க் வைத்து அடைத்தார், தள்ளிக்கொண்டு வந்தது. மரக்கட்டை ஆப்பை அடித்தார், அதுவும் வெளியே வந்தது. கடைசியில் அங்கே ஒரு அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, முள் அந்த மானி காட்டக்கூடிய உச்சத்தையே தாண்டிவிட்டது.

சுற்றும் அச்சு தன்னோடு ஆயிலை இழுத்துக்கொண்டு போய், குறுகிக்கொண்டே வரும் இடைவெளிக்குள் திணிக்கிறது. அங்கே எழும் அழுத்தம் சுமையையே தூக்கிப் பிடிக்கிறது. அச்சும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதச் சமன்பாட்டை எழுதினார். இன்று உங்கள் காரின் கிராங்க் தண்டு சுற்றுவதும் இதே முறையில்தான், ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒன்றோ சிலவோ வரும் தடிமனுள்ள ஆயில் படலத்தின் மேல். இயந்திரவியலில் இதைவிட அழகான கண்டுபிடிப்பு எனக்குத் தெரிந்து குறைவு. இதைப் புரிந்துகொண்டால் ஆயில் பற்றிய மீதிக் கேள்விகள் எல்லாம் எளிதாகிவிடும்.

படலம் உருவாக ஆயிலுக்குக் கொஞ்சம் கெட்டித்தன்மை வேண்டும். பள்ளிப் பாடத்தில் பாகுநிலை என்று படித்தோமே, அது. ஆனால் பாகுநிலை கூடக் கூட அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு சுற்றுவதற்கும் அதிக பவர் தேவை. ஆக ஆயில் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. மிகவும் இளகினால் படலம் மெலிந்து உலோகம் உலோகத்தைத் தொடும். உராய்வும் தேய்மானமும் எகிறும். மிகவும் கெட்டியானால் தேய்மானம் இராது, பவர் வீணாகும். ஜெர்மன் இன்ஜினியர் ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் 1902இல் இதை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார். இடது ஓரத்தில், அதாவது படலம் மிக மெலிந்த இடத்தில், உராய்வு மிக உயரத்தில் இருக்கும். அங்கிருந்து சரிந்து ஒரு பள்ளத்தைத் தொடும், பிறகு படலம் தடிக்கத் தடிக்க வலப்பக்கம் மெதுவாக ஏறும். இன்ஜின் வடிவமைப்பவர்கள் தேடுவது அந்தப் பள்ளத்துக்குச் சற்றே வலப்பக்கம். பவரும் வீணாகக் கூடாது, உலோகமும் தொடக் கூடாது.

சிக்கல் என்னவென்றால் ஒரே இன்ஜினுக்குள் எல்லாப் பாகங்களும் அந்த வளைகோட்டில் ஒரே இடத்தில் இல்லை. கிராங்க் பேரிங் நன்றாக வலப்பக்கம். கேம், வால்வைத் தள்ளும் இடம் பெரும்பாலும் இடப்பக்கம், உலோகம் தொட்டும் தொடாமலும். பிஸ்டன் ரிங் ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு பக்கமும் போய் வருகிறது: நடுவழியில் வேகமாகப் போகும்போது படலத்தின் மேல் மிதக்கிறது, மேலேயும் கீழேயும் நின்று திரும்பும் நொடியில் படலம் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. ஒரே ஆயில் இவ்வளவையும் சமாளிக்க வேண்டும்.

உலோகம் தொடும் இடங்களுக்குப் பாகுநிலை உதவாது. அங்கே உதவுவது ஆயிலில் கலந்திருக்கும் ரசாயனங்கள். துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த கூட்டுப்பொருள் ஒன்று உலோகத்தின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உருவாக்கித் தேய்மானத்தைத் தடுக்கிறது. மாலிப்டினம் கலந்த இன்னொரு வகை, சூடும் உரசலும் உள்ள இடத்தில் வழுக்கும் அடுக்கை உருவாக்கி உராய்வையே குறைக்கிறது. இந்த இரண்டாவது வகையால்தான் ஒரே கிரேடு ஆயில்களுக்குள்ளும் சிறு வித்தியாசம் வருகிறது.

டப்பாவின் மேல் உள்ள எண்கள்

5டபிள்யூ-30 என்பதில் உள்ள எண்கள் அமெரிக்க வாகன இன்ஜினியர்கள் சங்கமான எஸ்.ஏ.இ.யின் வகைப்பாடு. 1911இல் தொடங்கி இன்று வரை திருத்தி வருகிறார்கள். டபிள்யூ குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னால் உள்ள எண், கடும் குளிரில் இன்ஜின் சுற்றத் தொடங்க ஆயில் இடம் கொடுக்குமா என்பதைச் சொல்கிறது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில் சோதிக்கிறார்கள், 0டபிள்யூவை மைனஸ் 35இல், 15டபிள்யூவை மைனஸ் 20இல். பின்னால் உள்ள எண், 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பது. 20 என்றால் 6.9இலிருந்து 9.3 சென்டிஸ்டோக் (பாகுநிலையின் அலகு) வரை. 30 என்றால் 9.3இலிருந்து 12.5. 40 என்றால் 12.5இலிருந்து 16.3. 50 என்றால் 16.3இலிருந்து 21.9.

சென்னையில் மைனஸ் 30 டிகிரி என்றைக்கும் வரப்போவதில்லை. அதனால் பவர் கணக்கில் நமக்கு முக்கியம் பின்னால் உள்ள எண். முன்னால் உள்ள எண் சின்னதாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் கொஞ்சம் விரைவாக மேலே போய்ச் சேரும், அது நல்லதுதான். ஆனால் அதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டிய ஊர் இது இல்லை.

டப்பாவில் அச்சிடாத இன்னொரு எண்ணும் உண்டு. பேரிங்குக்குள் ஆயில் 150 டிகிரி வரை சூடாகி, மிகுந்த வேகத்தில் நசுங்கும்போது எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்ற அளவு அது. எஸ்.ஏ.இ. விதிப்படி 20 கிரேடுக்குக் குறைந்தது 2.6, 30க்கு 2.9, 40 கிரேடில் ஆயிலைப் பொறுத்து 3.5 அல்லது 3.7 இருக்க வேண்டும். உண்மையில் பவரையும் பேரிங்கின் ஆயுளையும் தீர்மானிப்பது இந்த எண்தான். ஆயிலின் தொழில்நுட்பக் குறிப்பேட்டில் இது இருக்கும், தேடிப் பாருங்கள். ஒரே 5டபிள்யூ-30 கிரேடில் ஒன்று 2.9 என்றும் இன்னொன்று 3.5 என்றும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு இன்ஜினுக்கானவை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கிரேடுக்குக் கிரேடு உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே ஆயில் ஆறியிருக்கும்போதும் சூடாக இருக்கும்போதும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. மார்கழிக் காலையில் உறைந்து கிடக்கும் தேங்காயெண்ணெய் வெயிலில் வைத்ததும் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாதாரண 0டபிள்யூ-20 ஆயில் 40 டிகிரியில் சுமார் 45 சென்டிஸ்டோக். அதே ஆயில் 100 டிகிரியில் எட்டு, எட்டரைதான். கெட்டி என்று பேர் வாங்கிய 20டபிள்யூ-50கூட 100 டிகிரியில் சுமார் 18தான். அதாவது காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் உங்கள் காரில் இருக்கும் மெல்லிய 0டபிள்யூ-20, ஹைவேயில் சூடாக ஓடும் பழைய அம்பாசடரின் 20டபிள்யூ-50ஐவிடக் கெட்டியாக இருக்கிறது. முதல் சில கிலோமீட்டருக்கு வண்டி இழுக்கத் தயங்குவதற்கும் மைலேஜ் குறைவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். மீட்டரில் தண்ணீர்ச் சூடு நடுவுக்கு வந்துவிட்டாலும் ஆயில் சூடாக அதைவிட அதிக நேரம் எடுக்கும். அதுவரை ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்காமல் ஓட்டுவது நல்லது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம் 1.2 லிட்டர் இன்ஜினில் 10 கிலோவாட் உராய்வு என்றோம். அதில் ஆயில் படலத்தைக் கிழிப்பதற்குப் போவது 6 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். ரிங்குகளில் மூன்றரை, பேரிங்கில் இரண்டரை. 150 டிகிரி அளவுப்படி 15டபிள்யூ-40 ஆயில் ஒன்று சுமார் 4.0 இருக்கும், 0டபிள்யூ-20 சுமார் 2.7. பாகுநிலை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

பேரிங்கில் உராய்வு ஏறத்தாழ நேர்விகிதமாகக் குறையும், ஆகவே அங்கே 0.8 கிலோவாட் மிச்சம். ரிங்குகளில் அப்படி இல்லை. ஆயில் இளகினால் படலமும் மெலிந்துவிடும், அதனால் குறைவு வர்க்கமூல அளவில்தான் இருக்கும். 18 சதவீதம் என்றால் 0.6 கிலோவாட். மொத்தம் 1.4 கிலோவாட், இரண்டு எச்.பி.க்குக் கொஞ்சம் கீழே. 80இல் இரண்டு. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தாவினால் கிடைப்பது இது. 5டபிள்யூ-30இலிருந்து 0டபிள்யூ-20க்கு மாறினால் இதில் மூன்றில் ஒரு பங்குதான், அரை எச்.பி.க்குச் சற்று மேல். காரில் இன்னொருவர் ஏறி உட்கார்ந்தால் ஏற்படும் மாற்றம் இதைவிட நன்றாகத் தெரியும்.

இது தோராயக் கணக்கு. அனுமானங்களைக் கொஞ்சம் மாற்றினால் விடையும் கொஞ்சம் மாறும். ஆனால் எப்படிப் போட்டாலும் இரண்டு எச்.பி. இருபதாகாது. யாராவது ஆயில் மாற்றியதால் மட்டும் பத்து சதவீதம் பவர் கூடியது என்று சொன்னால், பழைய ஆயிலில் என்ன கோளாறு இருந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

டைனோவில் அளந்து காட்டுகிறார்களே

சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றி பவரை அளக்கும் டைனோ நல்ல கருவி. ஆனால் நாம் தேடும் வித்தியாசமோ ஒன்றிரண்டு சதவீதம். இன்ஜினுக்குள் போகும் காற்று 10 டிகிரி கூடுதல் சூடானால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறைந்துவிடும், பவரும் அதையொட்டி இறங்கும். டயர் காற்று, டயர் சூடு, வண்டியைக் கட்டியிருக்கும் பட்டையின் இறுக்கம், இவை ஒவ்வொன்றும் டைனோ காட்டும் அளவை மாற்றும். காலையில் ஓர் ஆயிலையும் மதியம் இன்னொன்றையும் சோதித்தால் அளந்தது ஆயிலையா வெயிலையா என்று சொல்ல முடியாது.

நேர்மையான சோதனை என்றால் ஆயில் சூடு ஒரே அளவில் இருக்க வேண்டும், ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டுமே புது ஆயிலாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பலமுறை ஓட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாவது ஆயிலைச் சோதித்த பிறகு மறுபடி முதல் ஆயிலை ஊற்றி, பழைய எண் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில்களின் மைலேஜ் திறனை அளக்க அமெரிக்காவில் வைத்திருக்கும் சீக்வென்ஸ் 6 என்ற சோதனையில் அடிப்படை ஆயில் ஒன்றை, சோதிக்கும் ஆயிலுக்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பது விதியாகவே இருக்கிறது. கடைசியாகச் சொன்ன இந்தப் படியைச் செய்யாத ஒப்பீட்டு வீடியோக்களை நான் நம்புவதில்லை.

சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போது பிக்கப் கூடியதுபோல் தோன்றுவது பொய்யில்லை. அன்றைக்கு ஏர் ஃபில்டரும் மாறியிருக்கும், பிளக்கைக் கழற்றித் துடைத்திருப்பார்கள், டயருக்குக் காற்று அடித்திருப்பார்கள். புது ஆயிலில் இன்ஜின் சத்தமும் அடங்கும். பாராட்டு மட்டும் ஆயிலுக்குப் போய்விடுகிறது.

ரேஸ் கார்களின் கதை வேறு

அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில், வரிசையில் யார் முன்னால் நிற்பது என்று தீர்மானிக்கும் தகுதிச் சுற்றுக்கு மட்டும் மிக மெல்லிய ஆயிலைப் போட்டு ஓட்டும் வழக்கம் இருந்தது. ஆயிலை முன்கூட்டியே சூடாக்கி வைப்பதும் உண்டு. சில நூறு எச்.பி.யில் ஒரு சதவீதம் என்றாலும் அது ஓரிடம் முன்னால் நிற்கப் போதும். அந்த இன்ஜின்களைப் பந்தயம் முடிந்ததும் பிரித்துப் போட்டு பேரிங் மாற்றுகிறார்கள். நம் கார் ஒன்றரை இரண்டு லட்சம் கிலோமீட்டர் பிரிக்காமல் ஓட வேண்டும்.

ஆயில் நேரடியாகப் பவரைக் கூட்டிய ஒரு விசித்திரமும் நடந்திருக்கிறது. ஃபார்முலா 1 பந்தயங்களில் பெட்ரோல் எவ்வளவு பாயலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அதைத் தாண்ட சில அணிகள் இன்ஜின் ஆயிலையே எரிபொருளாக எரிக்கின்றன என்ற சர்ச்சை 2017இல் பெரிதாக வெடித்தது. பந்தய விதிகளை வகுக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பு 100 கிலோமீட்டருக்கு இவ்வளவு ஆயில்தான் செலவாகலாம் என்று வரம்பை இறுக்கிக்கொண்டே வந்தது: 2018இல் 0.6 லிட்டர், 2020இல் 0.3 லிட்டர். உங்கள் கார் ஆயில் எரித்தால் பவர் கூடாது. ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் போகிறது என்று அர்த்தம்.

உண்மையில் பவர் தொலைவது இங்கே

முதல் குற்றவாளி டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றிய ஆயில். அரை லிட்டர் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று நினைக்கிறார்கள். இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் மட்டம் ஏறினால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் கிராங்க் அதில் அடித்து நுரைக்க வைக்கும். அடிப்பதற்கே பவர் போகும். நுரைத்த ஆயிலால் படலம் தாங்காது. மட்டம் குறைந்தாலும் ஆபத்துதான்: வளைவில் பம்ப் காற்றை உறிஞ்சும். சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடம் ஆறவிட்டு, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். காசே செலவாகாத இந்த வேலையை மாதம் ஒருமுறை செய்பவர்கள் மிகக் குறைவு.

அடுத்தது வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு. இன்றைய பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றில் கேம் தண்டை முன்னும் பின்னும் திருப்பி வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுகிறார்கள். பல இன்ஜின்களில் அதைத் திருப்பும் சக்தி ஆயில் அழுத்தம்தான். குறிப்பிட்ட பாகுநிலையைக் கணக்கில் வைத்து வடிவமைத்தது அது. "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியா போடுங்க" என்று 20டபிள்யூ-50 ஊற்றினால் கேம் சொன்ன நேரத்துக்குத் திரும்பாது. செக் இன்ஜின் விளக்கு எரியலாம், நடு ஆர்.பி.எம்.மில் இழுவை குறையலாம். பழைய மெக்கானிக்குகள் கெட்டி ஆயிலைச் சொல்வதற்கு அவர்கள் கைப்பட்ட அந்தக் காலத்து இன்ஜின்களில் நியாயம் இருந்தது. இடைவெளிகள் பெரிதாக இருந்தன, பம்ப் வேறு. இன்றைய இன்ஜினில் அந்த அறிவுரை பொருந்தாது. மே மாத வெயிலில்கூட இன்ஜின் சூட்டை தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் ஒரு வரம்புக்குள் பிடித்து வைக்கின்றன. வெளியே 30 டிகிரியிலிருந்து 42க்குப் போனதால் பேரிங்குக்குள் ஆயிலின் நிலை தலைகீழாக மாறிவிடாது. கையேட்டில் சூட்டுக்கு ஏற்ற கிரேடு அட்டவணை இருந்தால் அதன்படி நடக்கலாம்.

டர்போ உள்ள இன்ஜினில் ஆயிலின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. சிறிய டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், அதுவும் எரியும் புகையின் பக்கத்தில் நின்று. தரம் கெட்ட ஆயில் அங்கே கருகிப் படியும், டர்போ பூஸ்ட் குறையும், பவர் வெளிப்படையாகவே போகும். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீச்சும் டர்போ இன்ஜின்களில் குறைந்த வேகத்தில் அழுத்தி மிதித்தால் எரிபொருள் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கும் ஆபத்து உண்டு. ஆயிலில் இருக்கும் கால்சியம் இதைத் தூண்டுவது தெரிந்த பிறகு கலவையை மாற்றினார்கள். 2020 மே மாதம் வந்த, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ.யின் எஸ்.பி. தரம் இதற்கான பாதுகாப்பையும் சேர்த்தது. அப்படிப்பட்ட காருக்கு விலை குறைவு என்று பழைய தர ஆயிலை வாங்க வேண்டாம்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் புகைக்குழாயில் இருக்கிறது. ஆயில் எரிந்தால் மிஞ்சும் சாம்பல் அதில் தங்கிவிடும். கரியை எரித்துச் சுத்தப்படுத்தலாம், சாம்பலை முடியாது. நாளாக ஆக அடைத்துக்கொண்டு புகை வெளியேறத் திணறும், வண்டி இழுக்காது. அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயிலை, ஐரோப்பியத் தரத்தில் சி வரிசை என்று குறிப்பதை, கையேடு கேட்கிறது.

சிந்தெடிக், மினரல், கூடுதல் மருந்து

ரசாயன முறையில் செய்த சிந்தெடிக் ஆயில் என்பதால் பவர் கூடுவதில்லை. கச்சா எண்ணெயைச் சாதாரணமாகச் சுத்திகரித்த 5டபிள்யூ-30 மினரலும் 5டபிள்யூ-30 சிந்தெடிக்கும் சூட்டில் ஒரே பாகுநிலை என்றால் பவரும் ஏறக்குறைய ஒன்றுதான். சிந்தெடிக்கின் பலம் வேறு. சூடு ஏறி இறங்கும்போது அதன் பாகுநிலை குறைவாகவே மாறும், ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவது தாமதமாகும், கசடு குறையும். ஐந்தாவது ஆண்டிலும் ரிங் சிக்காமல், கம்ப்ரஷன் குறையாமல் இருந்தால் அந்தக் காரின் பவர் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயமே. 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 போன்ற கிரேடுகளைச் சாதாரண மினரல் அடிப்படை எண்ணெயில் செய்யவும் முடியாது.

ஆயிலோடு சேர்த்து ஊற்றச் சொல்லும் தனி மருந்து பாட்டில்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நல்ல ஆயிலில் தேவையான ரசாயனங்கள் அளந்து கலந்தே வருகின்றன. மேலே ஊற்றினால் அந்தச் சமநிலை கெடும். டெஃப்லான் கலந்த ஸ்லிக் 50 என்ற மருந்து அமெரிக்காவில் பெரும் விளம்பரத்தோடு விற்றது. தேய்மானத்தைக் குறைக்கும் என்ற அதன் வாக்குறுதிகளுக்கு ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் 1996இல் வழக்குத் தொடுத்தது, அடுத்த ஆண்டு கம்பெனி சமரசத்துக்கு வந்தது.

கடையில் என்ன கேட்பது

காரின் கையேட்டைத் திறந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கிரேடு, தரக் குறியீடு, எத்தனை லிட்டர். இன்று நம்மிடம் விற்கும் பல பெட்ரோல் கார்களின் கையேட்டில் 0டபிள்யூ-20 இருக்கும், சிலவற்றில் 0டபிள்யூ-16. கிரேடு எண் சின்னதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அந்த இன்ஜினின் இடைவெளிகளும் பம்ப்பும் அதற்கென்றே செய்தவை. கையேடு இரண்டு கிரேடுகளை அனுமதித்தால், நகரத்துக்குள் குறுகிய தூரம் ஓட்டுபவர்கள் மெல்லியதை எடுக்கலாம். நான்கைந்து பேரை ஏற்றிக்கொண்டு அடிக்கடி ஊட்டி, கொடைக்கானல் ஏறுபவர்கள் கெட்டியானதை எடுக்கலாம். கையேட்டில் இல்லாத கிரேடுக்கு, மெல்லியதோ கெட்டியோ, எந்தப் பக்கமும் போக வேண்டாம். குறியீடு பொருந்தினால் எந்த நல்ல கம்பெனி ஆயிலும் சரிதான். சீல் உடையாத டப்பாவாக, பில்லோடு வாங்குங்கள்.

மீந்துபோன கார் ஆயிலைப் பைக்கில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில் மூழ்கி வேலை செய்கிறது. காருக்காக உராய்வைக் குறைக்கும் ரசாயனம் அங்கே கிளட்ச் தட்டுகளையும் வழுக்க வைத்துவிடும். இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி நகராது. பைக்குக்கு, ஜப்பானியத் தரக் குறியீடான ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று அச்சிட்ட டப்பாவைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.